அலர்ஜி ஊசியை வீட்டிலேயே போடலாமா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம், சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். என் மகனுக்கு எட்டு வயது. தூங்கி எழுந்ததும் தும்மல் தொடங்கிவிடும். மூக்கைத் தேய்த்துத் தேய்த்து அதன் மேல் கோடே விழுந்துவிட்டது. இரவில் வாயைத் திறந்தபடிதான் தூங்குகிறான். மழைக்காலத்தில் இளைப்பும் வருகிறது. போன வருடம் மூன்று முறை நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. சமவெளியில் ஒரு மருத்துவமனையில் தோலில் குத்திப் பார்த்து, பதினாறு பொருள்கள் ஒத்துக்கொள்ளாது என்று பட்டியல் கொடுத்தார்கள். தூசி, கரப்பான், பூஞ்சை, கோதுமை, முட்டை, கத்தரிக்காய் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு மாதமாக அவற்றைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. மூன்று வருடம் ஊசி போட வேண்டும் என்று மருந்துக் குப்பியையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வாராவாரம் மலையிறங்கிப் போய்வர எங்களால் முடியாது. ஊரில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார்; வீட்டிலேயே போட்டுவிடுகிறேன் என்கிறார். போடலாமா? இது ஸ்டீராய்டு ஊசியா? "மூச்சு நோய்க்கு ஊரே மலைக்கு வருகிறது, நம் பிள்ளைக்கு எதற்கு ஊசி" என்று மாமியார் கேட்கிறார். இன்னொன்று: மூன்று வயது மகள் கடலை மிட்டாய் தின்றபோது உடம்பெல்லாம் தடித்து வாந்தி எடுத்தாள். அவளுக்கும் தினம் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கிவிடலாம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலை முழுவதும் படிப்பதற்கு முன்பே நர்ஸ் அக்காவிடம் சொல்லி அனுப்புங்கள்: வீட்டில் ஊசி வேண்டாம். மகளுக்குக் கடலையைத் துளிகூடக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். இவை இரண்டும் இன்றே முடிவாக வேண்டும். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

உங்கள் மகனுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை நல்ல சிகிச்சைதான். அவனுக்கு அது பொருந்தவும் கூடும். எந்தக் குப்பி, யார் கையால், எந்த இடத்தில் என்பதில்தான் எனக்கு மறுப்பு.

இந்த ஊசியில் இருப்பது, உங்கள் பிள்ளைக்கு எது ஆகாதோ அதே பொருளின் சாறு. ஆகாத பொருளைத் தெரிந்தே உடம்புக்குள் செலுத்துகிறோம். மிகமிகக் குறைந்த அளவில் தொடங்கி, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறோம். பெரும்பாலும் ஆபத்தாக எதுவும் நடக்காது. ஊசி போட்ட இடத்தில் சில சமயம் எலுமிச்சம்பழ அளவுக்குக்கூட வீங்கி அரிக்கும், ஐஸ் வைத்தால் மறுநாள் வடிந்துவிடும். ஆனால் ஆயிரம் ஊசிக்கு ஒன்றிரண்டு முறை உடம்பு முழுவதும் எதிர்வினை கிளம்பும். உள்ளங்கை அரிக்கும், தொண்டை கரகரக்கும், அடுக்கடுக்காகத் தும்மல் வரும், முகம் சிவக்கும், பிறகு இளைக்கும். சில சமயம் இரத்த அழுத்தம் இறங்கிவிடும். உயிரே போவது மிக அபூர்வம். அமெரிக்காவில் 1990களில் எடுத்த கணக்கின்படி ஏறத்தாழ 25 லட்சம் ஊசிக்கு ஒன்று. ஊசி போட்ட இடத்திலேயே ஆள் இருந்து, மருந்து இருந்து, உடனே பார்த்ததால்தான் அந்த எண் அவ்வளவு குறைவாக இருக்கிறது.

பிரிட்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே சாதாரணக் குடும்ப மருத்துவர்களே இந்த ஊசியைப் போட்டுவந்தார்கள். 1957 முதல் 1986 வரை 26 பேர் இறந்திருந்ததை அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு வெளியிட்டது. எந்த நோய்க்காக ஊசி போட்டார்கள் என்று தெரிந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்துமா உள்ளவர்கள். உயிர்காக்கும் வசதி இருக்கும் இடத்தில் மட்டுமே போட வேண்டும், போட்டபின் இரண்டு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பல இடங்களில் சிகிச்சையே நின்றுபோனது. பின்னாளில் அனுபவம் கூடியதும் காத்திருக்கும் நேரம் அரை மணியாகக் குறைந்தது. ஆபத்தான எதிர்வினைகள் பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் தொடங்குவதால் அந்தக் கணக்கு. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத பிள்ளைக்கு ஊசி கூடாது என்ற விதியும் அந்த இழப்புகளிலிருந்து கற்றதுதான். போன வருடம் மூன்று முறை நெபுலைசர் என்று நீங்கள் எழுதிய வரியில்தான் என் கண் முதலில் நின்றது.

நர்ஸ் அக்காவின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. மேல்கையின் பின்புறம் தோலுக்கடியில் குத்துவது அவருக்கு ஒரு வேலையே அல்ல. குத்தியபின் வரும் அரை மணிக்குத்தான் அவரிடம் ஏற்பாடு இல்லை. அந்த நேரத்தில் பிள்ளைக்கு இளைத்தால் தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே அட்ரினலின் என்ற உயிர்காக்கும் மருந்தைப் போட வேண்டும். செட்ரிசின் மாத்திரையோ, நெபுலைசரோ, ஸ்டீராய்டு ஊசியோ அதற்கு ஈடாகாது. ஆக்சிஜன் வேண்டும், சலைன் ஏற்ற ஊசி வழி வேண்டும், தேவைப்பட்டால் இரண்டாவது அட்ரினலினும் வேண்டும். உங்கள் கிராமத்துக்கு 108 வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதேபோல, மேட்டுப்பாளையத்தில் ஊசியைப் போட்டுக்கொண்டு "பஸ் போய்விடும்" என்று ஐந்தாவது நிமிடமே கிளம்பிவிடுகிறவர்களையும் நான் பார்க்கிறேன். குஞ்சப்பனை வளைவுகளில் பஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது பிள்ளையின் உதடு வீங்கினால் டிரைவர் பாவம் எங்கே நிறுத்துவார்? பஸ் போகட்டும், அடுத்த பஸ்ஸில் வாருங்கள்.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன், அது சாதாரணப் பேச்சல்ல. மூச்சு நோய்க்கு மலைக்காற்று நல்லது என்பதற்கு அடிப்படை உண்டு. ஸ்விட்சர்லாந்தில் டாவோஸ் என்று ஒரு மலையூர், 1,560 மீட்டர் உயரம். ஆஸ்துமா குழந்தைகளை மாதக்கணக்கில் அங்கே தங்கவைத்தால் இளைப்பு தணிந்தது. ஏன் என்று தேடியபோது விடை வீட்டுத் தூசியில் கிடைத்தது. 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து ஆய்வாளர்கள், தூசி அலர்ஜிக்குக் காரணம் தூசியில் வாழும் ஓர் உண்ணி என்று கண்டுபிடித்தார்கள். மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீளம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கடிக்காது. நம் தோலிலிருந்து உதிரும் செதிளைத் தின்று, மெத்தையிலும் தலையணையிலும் குடும்பம் நடத்தும். அதன் எச்சத்தில் இருக்கும் புரதம்தான் மூக்கையும் நுரையீரலையும் கிளப்பிவிடுகிறது. அந்த உண்ணிக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வற்றிச் செத்துப்போகும். டாவோஸின் காற்று வறண்டது, அங்கே உண்ணி மிகக் குறைவு, பிள்ளைகள் தேறினார்கள்.

ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர். உயரத்தில் டாவோஸை விஞ்சுகிறோம். ஆனால் நம் காற்று வறண்டதா? கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, இரண்டுக்கும் நடுவே பனிமூட்டம். ஜூலையில் துவைத்த ஸ்வெட்டர் மூன்று நாளாகியும் காயாது. அலமாரியில் தோல் செருப்பின் மேல் பூஞ்சை பூத்துவிடும். இந்த ஈரம் உண்ணிக்குச் சொர்க்கம். குளிர் அதன் பெருக்கத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், ஒழிக்காது. குளிருக்குப் பயந்து நாம் ஜன்னலைச் சாத்துகிறோம், இலவம்பஞ்சு மெத்தையின் மேல் இரண்டு கம்பளி போடுகிறோம், கரியடுப்பையும் அறைக்குள் கொண்டுவந்து வைக்கிறோம். பிள்ளை எட்டு மணி நேரம் முகத்தைப் புதைத்துத் தூங்குவது அந்தக் கம்பளிக்குள்தான். எழுந்ததும் தும்மல் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதியதற்கும் இதற்கும் தொடர்பிருக்கிறது. மாமியாரிடம் சொல்லுங்கள்: மலைக்காற்று வெளியே நல்லதாகத்தான் இருக்கிறது, சிக்கல் படுக்கையில் இருக்கிறது.

ஊசிக்கு முன் படுக்கையைச் சீர்செய்யுங்கள், காசும் குறைவு. தலையணை உறையும் விரிப்பும் வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் ஊற வேண்டும். குளிக்கிற சூடு போதாது. கை வைக்க முடியாத சூடு, 60 டிகிரி. தண்ணீர் அடுப்பு வைத்திருக்கும் வீடுகளில் இது சிரமமே இல்லை. பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றிவிடுங்கள். உண்ணி ஊடுருவாத, நெருக்கமாக நெய்த உறைகள் மெத்தைக்கும் தலையணைக்கும் கிடைக்கின்றன. கம்பளிக்கு மேல் துவைக்கக்கூடிய பருத்தி உறை தையுங்கள். வெயில் வருகிற நாளில் மெத்தையை வெளியே போட்டுக் காயவிட்டு, வேறு யாராவது தட்டட்டும். பிள்ளை அந்தப் பக்கம் வரக்கூடாது. அறைக்குள் கரியடுப்பு கட்டாயம் வேண்டாம். அந்தப் புகை ஆஸ்துமாவைக் கிளறும். சாத்திய அறையில் அது உயிருக்கும் ஆபத்து. இவற்றைச் செய்ததாலேயே நோய் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் ஈரத்தில் உண்ணியை முழுதாக ஒழிக்க யாராலும் முடியாது. அதனால்தான் உடம்பையே அதற்குப் பழக்கும் சிகிச்சை இங்கே பொருள் உள்ளதாகிறது.

அந்தச் சிகிச்சைக்கு வயது நூறுக்கு மேல். 1911இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லெனார்ட் நூன் என்ற மருத்துவர், புல்லின் மகரந்தத்தால் மூக்கொழுகித் தவித்தவர்களுக்கு அதே மகரந்தத்தின் சாற்றைச் சிறிது சிறிதாக ஊசியில் ஏற்றி, அவர்களின் தாங்கும் திறன் கூடுவதைக் காட்டினார். காசநோயால் அவர் இளவயதிலேயே இறந்துபோக, ஜான் ஃப்ரீமன் அந்த வேலையைத் தொடர்ந்தார். எப்படி வேலை செய்கிறது என்பது பின்னால்தான் விளங்கியது. அலர்ஜி உள்ள பிள்ளையின் உடம்பு, உண்ணியின் புரதத்துக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்து மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள செல்களின் மேல் ஒட்டி வைத்திருக்கிறது. புரதம் வந்து பட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன; தும்மலும் அரிப்பும் ஒழுகலும் அதன் வேலை. அளவாக, திரும்பத் திரும்ப, நீண்ட நாள் அதே புரதத்தைக் கொடுத்துவந்தால், எதிர்ப்பை அடக்கும் வேறு வகைச் செல்கள் பெருகுகின்றன. ஐஜிஜி4 என்ற மற்றோர் எதிர்ப்பொருள் உருவாகி, புரதம் ஐஜிஇயைத் தொடுவதற்கு முன்பே அதைப் பிடித்துக்கொள்கிறது. மாத்திரை அன்றைய தும்மலை நிறுத்தும். இது நோயின் போக்கையே மாற்றப் பார்க்கிறது.

மாற்றுகிறதா? மூக்கு அலர்ஜி உள்ள ஐரோப்பியக் குழந்தைகளுக்கு, 6 முதல் 14 வயதுக்குள், மூன்றாண்டு மகரந்த ஊசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. சிகிச்சை தொடங்கிப் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கும் போடாதவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கும் ஆஸ்துமா வந்திருந்தது. அது மகரந்தத்துக்கான கணக்கு. தூசி உண்ணிக்கு அப்படியே பொருத்திக்கொள்ளக் கூடாது. உண்ணிக்கான சிகிச்சையில் மூக்குத் தொல்லை குறைவதும், மருந்தின் தேவை குறைவதும் நன்றாகவே நிறுவப்பட்டிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 1998இலேயே இதை ஏற்று அறிக்கை வெளியிட்டது. உங்கள் மகனுக்கு நான் எதிர்பார்ப்பது இதுதான்: சில மாதங்களில் காலைத் தும்மல் குறையத் தொடங்கும், ஓராண்டில் தெளிவாகத் தெரியும், மூன்றாண்டு முடித்தால் நிறுத்தியபின்னும் பலன் சில ஆண்டுகள் நிற்கும். முழு அளவு மருந்தை எட்டி ஓராண்டு போட்டும் எந்த மாற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். அதைச் சொல்லத் தயங்கும் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

இனி அந்தப் பதினாறு பொருள் பட்டியல். முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் தோலின் மேற்பரப்பில் லேசாகக் குத்தி, பதினைந்து இருபது நிமிடம் கழித்து எழும் தடிப்பை அளப்பார்கள். வெறும் உப்புநீர்ச் சொட்டைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். இதன் பொருள், உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பது மட்டுமே. நோய் தருகிறதா என்பதை வாழ்க்கைதான் சொல்ல வேண்டும். போன மாதம் வரை மகன் சப்பாத்தியும் முட்டையும் கத்தரிக்காய்க் குழம்பும் தின்றானே, தின்ற ஒரு மணி நேரத்துக்குள் தடிப்போ, வாந்தியோ, இளைப்போ வந்ததா? இல்லையென்றால் காகிதத்தில் என்ன இருந்தாலும் அவை அவனுக்கு ஆகாதவை அல்ல. வளரும் பிள்ளையிடமிருந்து முட்டையையும் கோதுமையையும் பிடுங்குவது எனக்கு மனசு பொறுக்காத செயல். போதாக்குறைக்கு, நன்றாக ஒத்துக்கொண்டிருந்த உணவை நீண்ட நாள் நிறுத்தினால், உடம்பு அதை மறந்து உண்மையிலேயே எதிர்க்கத் தொடங்குவதும் உண்டு. இப்போது ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சீக்கிரமே திரும்பக் கொடுங்கள். இரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளைப் பார்த்து நூறு உணவுப் பட்டியல் தருகிற பரிசோதனையை யாராவது சொன்னால் அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். அது உணவு அலர்ஜியைக் காட்டாது.

உங்களிடம் இருக்கும் குப்பியின் லேபிளைப் பாருங்கள். பட்டியலில் வந்ததையெல்லாம் கலந்து ஒரே குப்பியாகத் தந்திருந்தால் அதை நான் ஏற்கமாட்டேன். பலதைக் கலக்கும்போது ஒவ்வொன்றின் அளவும் பலன் தராத அளவுக்கு நீர்த்துப்போகிறது. கரப்பான், பூஞ்சைச் சாறுகளில் உள்ள நொதிகள் கூட இருக்கும் மற்றப் புரதங்களைச் சிதைக்கவும் செய்யும். உணவுப் பொருளின் சாறு அதில் இருக்கவே கூடாது. உணவு அலர்ஜிக்கு ஊசி முறை ஏற்கப்பட்ட சிகிச்சை அல்ல. காலைத் தும்மல், மழைக்கால இளைப்பு, ஆண்டு முழுவதும் மூக்கடைப்பு என்று நீங்கள் சொல்லும் கதை தூசி உண்ணியோடு பொருந்துகிறது. பரிசோதனையிலும் அதன் தடிப்புதான் பெரிதாக இருந்ததென்றால், உண்ணிக்கு மட்டும் சிகிச்சை தொடங்கினால் போதும். அந்தக் குப்பியைப் பயன்படுத்தாமல், எறிந்தும் விடாமல் எடுத்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்டீராய்டா என்று கேட்டீர்கள். அலர்ஜிப் பொருளின் சாறு ஸ்டீராய்டு அல்ல. ஆனால் "அலர்ஜி ஊசி" என்ற பெயரில், நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியைப் போடும் இடங்களும் இருக்கின்றன. ஒரே ஊசியில் இரண்டு மூன்று வாரம் தும்மல் சுத்தமாக நின்றுவிட்டால் சந்தேகப்படுங்கள். சாறு ஊசி ஒருநாளும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. டிரையாம்சினலோன் போன்ற மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் பிள்ளையின் வளர்ச்சி குன்றும், எலும்பு பலவீனப்படும். எந்த ஊசியானாலும் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இளைப்பைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் வேலை. ஸ்பேசர் என்ற குழலை மாட்டித் தினமும் இழுக்கும் இன்ஹேலர் மூன்று மாதம் ஒழுங்காகப் போகட்டும். "இன்ஹேலர் பழக்கமாகிவிடும்" என்ற பயத்தை விட்டுவிடுங்கள், அதில் இருக்கும் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு. மூக்குக்கு ஸ்பிரே எழுதியிருந்தால், போடும் விதத்தைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பிள்ளையின் தலையை அண்ணாந்து பார்க்க வைத்து, மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடிக்கிறார்கள். மருந்து தொண்டைக்குப் போகிறது, நடுச்சுவரில் இரத்தம் கசிகிறது. தலை லேசாகக் குனிந்திருக்க வேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை; முனை அந்தந்தப் பக்கத்துக் காதைப் பார்த்துச் சாய வேண்டும். இதைச் சரிசெய்ததுமே பாதிப் பிள்ளைகள் வாயை மூடித் தூங்கத் தொடங்குவதை நான் கண்ணாரக் காண்கிறேன்.

இளைப்பு அடங்கியபின் சிகிச்சையை எந்த வடிவில் எடுப்பது? உங்கள் நிலைமைக்கு நாக்குக்கு அடியில் விடும் சொட்டு அல்லது மாத்திரை பொருத்தமாகப் படுகிறது. அதே உண்ணிச் சாறுதான். காலையில் நாக்குக்கு அடியில் வைத்து ஒன்றிரண்டு நிமிடம் விழுங்காமல் இருந்து, பிறகு விழுங்க வேண்டும். முதல் தவணை மருத்துவர் முன்னிலையில், அரை மணி காத்திருப்போடு. தாங்கிக்கொண்டால் மற்றவை வீட்டில். முதல் சில நாள் வாய் அரிக்கும், காது குறுகுறுக்கும்; பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். உடம்பு முழுவதுமான எதிர்வினை ஊசியைவிட மிகவும் குறைவு. அமெரிக்காவில் உண்ணிக்கான நாக்கடி மாத்திரை 2017இல் பெரியவர்களுக்கு அனுமதிக்கப்பட்டு, 2025இல் ஐந்து வயதுப் பிள்ளைகள் வரை நீட்டிக்கப்பட்டது. இதில் கஷ்டம் வேறு: மூன்றாண்டு, தினமும். தும்மல் குறைந்ததும் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்திலேயே நாள்காட்டியை மாட்டி, மகனையே குறிக்கச் சொல்லுங்கள். வாயில் புண் இருந்தாலோ பல் விழுந்திருந்தாலோ சில நாள் நிறுத்திவையுங்கள்.

ஊசிதான் என்று மருத்துவர் முடிவெடுத்தால், முதல் மூன்று முதல் ஆறு மாதம் வாரம் ஒன்று, அதன்பின் மாதம் ஒன்று. குப்பியை மருத்துவமனையின் குளிர்பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தால் வீணாகிவிடும். நம் ஊர் மின்வெட்டில் வீட்டுக் குளிர்பெட்டியை நம்ப முடியாது. மழையில் மண் சரிந்து சாலை அடைபட்டு இரண்டு மூன்று வாரம் தவறிப்போனால், "விட்டதைச் சேர்த்துப் போடுங்கள்" என்று கேட்காதீர்கள். இடைவெளி விழுந்தால் அளவைக் குறைத்துத்தான் திரும்பத் தொடங்க வேண்டும். தவறிய தேதியை மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் அல்லது இளைப்பு உள்ள நாளில் ஊசி கிடையாது. ஊசி போட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஓட்டம், கால்பந்து வேண்டாம். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஏற்றமாக இருந்தால் அன்று மெதுவாக நடத்திக் கூட்டிவாருங்கள்.

கடைசியாக மகள். சகோதரி, மகனைவிட இவளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். தோலில் தடிப்பும் வாந்தியும் சேர்ந்து வந்திருக்கின்றன. உடம்பின் இரண்டு மண்டலங்களில் ஒரே நேரத்தில் எதிர்வினை வந்தால் அது சாதாரண ஒவ்வாமை அல்ல. அனாஃபிலாக்சிஸ் என்று நாங்கள் சொல்லும் ஆபத்து. அடுத்த முறை மூச்சுக்குழாயும் சேர்ந்துகொள்ளக் கூடும்.

பழக்கிவிடலாம் என்கிறவர்கள் காற்றில் பேசவில்லை. 2015இல் லண்டனில் முடிந்த ஓர் ஆய்வில், 4 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலையைச் சீக்கிரமே கொடுக்கத் தொடங்கியபோது, ஐந்து வயதில் கடலை அலர்ஜி ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. அது அலர்ஜி வருவதற்கு முன் தடுப்பது. உங்கள் மகளுக்கு வந்தேவிட்டது. வந்தபின் கொடுக்கும் முறையும் இருக்கிறது. அமெரிக்காவில் 2020இல் அதற்கென்றே வேர்க்கடலை மாவு மருந்தை அனுமதித்தார்கள். அரை மில்லிகிராமில் தொடங்கி, ஒவ்வொரு ஏற்றமும் மருத்துவர் கண் முன்னால் நடந்து, 300 மில்லிகிராமை எட்ட ஆறு மாதம் பிடிக்கும். ஒரு பருப்பு, ஒன்றரைப் பருப்பின் புரதம்தான் அந்த 300. இவ்வளவு காவலோடு கொடுத்தும் கடுமையான எதிர்வினைகள் வருகின்றன, நிறுத்தினால் பாதுகாப்பும் போய்விடுகிறது. வீட்டில் விரல் நுனியால் கிள்ளிக் கொடுக்கும் துளிக்குள் எத்தனை மில்லிகிராம் என்று யாருக்குத் தெரியும்?

இப்போதைக்கு அவளுக்கு வேர்க்கடலை முழுதாக விலக்கு. மிட்டாய் மட்டுமல்ல, சட்னி, சுண்டல், பொடி, ஓட்டல் குருமா, பேக்கரிப் பலகாரம் எல்லாம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆலையில் முழுதாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் இருக்காது. மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயில் இருக்கும். உடம்புக்கு நல்லது என்று செக்கு எண்ணெய்க்கு மாறியிருந்தால் அவள் சாப்பாட்டுக்கு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வையுங்கள். அங்கன்வாடியிலும் உறவுக்காரர் வீட்டிலும் விசேஷ வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எடைக்கேற்ற அட்ரினலின் அளவை எழுதி வாங்கி, மருந்தும் சிரிஞ்சும் வீட்டில் இருக்க, எப்போது எப்படிப் போடுவது என்று நீங்களும் நர்ஸ் அக்காவும் மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். அவர் கை உங்கள் வீட்டுக்கு உதவப்போவது அங்கேதான். போட்டபின் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், தெளிந்துவிட்டாள் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

ஆகவே அடுத்த பயணம் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து, குழந்தைகள் அலர்ஜி பார்க்கும் மருத்துவரிடம். பழைய பரிசோதனைக் காகிதம், குப்பி, நெபுலைசர் வைத்த சீட்டுகள், மகள் தின்ற நேரமும் தடித்த நேரமும் எழுதிய குறிப்பு, எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். தோல் பரிசோதனை திரும்ப வேண்டியிருக்கலாம் என்பதால் மகனின் அலர்ஜி மாத்திரையை ஒரு வாரம் முன்பு நிறுத்தலாமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஹேலரை மட்டும் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.